மண்டையோடும் அதன் சீட்டும்

ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்ததும் அது எந்த விலங்கினுடையது என்று பழகிய கண் சொல்லிவிடும். ஆணா பெண்ணா, குட்டியா முதிர்ந்ததா, பல் நோய் இருந்ததா என்பதையும் பல நேரங்களில் சொல்லலாம். ஆனால் அந்த விலங்கு எந்தக் காட்டில் திரிந்தது, எந்த ஆண்டில் இறந்தது, யாருக்குக் கிடைத்தது என்பதெல்லாம் எலும்பைப் பார்த்துத் தெரிவதில்லை. அவற்றைச் சொல்வது, மண்டையோட்டில் கட்டியிருக்கும் சீட்டும் பதிவேட்டில் அதன் எண்ணுக்கு நேரே உள்ள வரிகளும்தான். சீட்டு இல்லாத மண்டையோட்டை வைத்து வகுப்பில் பாடம் நடத்தலாம். ஆய்வில் அதைச் சான்றாக வைக்க முடியாது.

இந்த வேறுபாட்டை வியட்நாமில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டின. 1992 மே மாதம் வூ குவாங் காடுகளில் கணக்கெடுக்கச் சென்ற குழு, வேட்டைக்காரர்களின் வீடுகளில் நீண்டு நேராகப் பின்சாய்ந்த கொம்புகளோடு கூடிய மண்டையோட்டுப் பகுதிகளைக் கண்டது. அறிவியலுக்குத் தெரிந்த எந்த விலங்கோடும் அவை பொருந்தவில்லை. அந்த விலங்கு எங்கே பிடிபடும் என்பதை ஊர்க்காரர்களிடமே கேட்டறிய முடிந்தது. மறு ஆண்டில் அது சாவோலா என்ற புதிய பாலூட்டியாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உயிருள்ள விலங்குகளும் கிடைத்தன. 1994-ல் அதே நாட்டின் சந்தைகளில் வாங்கிய முறுக்குக் கொம்புகளைக் கொண்டு சூடோநோவிபோஸ் ஸ்பைராலிஸ் என்ற இன்னொரு விலங்கு அறிவிக்கப்பட்டது. அந்தக் கொம்புகளைக் காட்டில் எடுத்தவர் யார் என்றோ, எந்த இடத்தில் எடுத்தார் என்றோ உறுதியான தகவல் இல்லை. 2001-ல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வுகள், ஆராயப்பட்ட கொம்புகள் வீட்டு மாட்டினுடையவை, மனிதக் கையால் உருமாற்றப்பட்டவை என்று காட்டின. முதல் விலங்கின் எலும்பிலிருந்து அது வாழ்ந்த காட்டுக்குத் திரும்பிப் போக வழி இருந்தது. இரண்டாவதில் அந்த வழி சந்தையோடு முடிந்துவிட்டது.

எண்

பட்டியலிடும் வேலை எண் கொடுப்பதில் தொடங்குகிறது. அருங்காட்சியகங்களில் மூன்று வகை எண்கள் புழங்குகின்றன. சேகரித்தவர் தம் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகக் கொடுப்பது கள எண். ஒருவர் இருபது மண்டையோடுகளை நன்கொடையாகத் தந்தால் அந்த வரவு முழுவதற்கும் சேர்த்துக் கொடுப்பது வரவு எண். ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியே, நிரந்தரமாகக் கொடுப்பது பட்டியல் எண். பட்டியல் எண் வந்துவிட்டது என்பதற்காக மற்ற இரண்டையும் அழிப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் குறிப்புகளைத் தேடிப் பிடிக்கக் கள எண் ஒன்றே வழி.

பட்டியல் எண்ணுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு விலங்குக்கு ஓர் எண் என்பது முதல் விதி. மண்டையோடு, தோல், மற்ற எலும்புகள், டி.என்.ஏ.வுக்காக எடுத்து வைத்த திசு ஆகியவை வெவ்வேறு அலமாரிகளில் இருந்தாலும் எண் ஒன்றாகவே இருக்கும். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. மண்டையோடு தொலைந்தாலும் உடைந்தாலும் அந்த எண்ணின் வரி பதிவேட்டில் அப்படியே நிற்கும். என்ன ஆயிற்று என்ற குறிப்பு மட்டும் சேரும். எண்ணுக்குள் விலங்கின் பெயரைச் சுருக்கி நுழைப்பதும் நல்லதல்ல. பெயர் பின்னால் மாறக்கூடும். 'நரி-14' என்று எண் கொடுத்த மண்டையோடு செந்நாயினுடையது என்று தெரியவந்தால் எண்ணே பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

எண்ணை எழுத வேண்டிய இடம் எலும்பு. கம்பியால் தாடை பொருத்தி, மரத்தாங்கியிலோ சுவரில் மாட்டும் மரக்கேடயத்திலோ ஏற்றிய மண்டையோடுகளில் தாங்கியின்மேல் மட்டும் எண் எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தாங்கி உடைந்தாலோ, துடைக்கும்போது இரண்டு மண்டையோடுகள் இடம் மாறி அமர்ந்தாலோ, அடையாளமும் இடம் மாறிவிடும். ஆகவே மண்டைப் பகுதியில் ஒருமுறை, கீழ்த்தாடையில் ஒருமுறை என எண் எழுதப்படுகிறது. மான், மாடு, நாய் போன்றவற்றின் கீழ்த்தாடை சுத்தம் செய்தபின் இரண்டு பாதிகளாகப் பிரிந்துவிடலாம் என்பதால் இரு பாதிகளிலும் எண் வேண்டும். உதிர்ந்த பற்களை ஒரு சிறு குப்பியில் போட்டு, உள்ளே எண் எழுதிய காகிதத்தை வைக்க வேண்டும். எழுதும் இடம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். பற்கள், எலும்புகள் சேரும் தையல் கோடுகள், அளவெடுக்கும் புள்ளிகள் ஆகியவற்றின்மேல் எழுத்து விழக் கூடாது. காட்சிக்கு வைப்பதானால் பார்வையாளர் கண்ணில் படாத பக்கம் பொருத்தமானது.

எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. மையை நேராகத் தொட்டால் உறிஞ்சிப் பரப்பிவிடும். அதனால் அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை முதலில் மெல்லியதாகப் பூசி உலரவிடுவார்கள். அதன்மேல் கரித்துகள் கலந்த இந்திய மையால் எண்ணை எழுதி, உலர்ந்தபின் மேலே இன்னொரு பூச்சுக் கொடுப்பார்கள். தவறு நேர்ந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் முழுவதையும் துடைத்தெடுக்கலாம், எலும்புக்குச் சேதமில்லை. பால்பாயின்ட் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் நாளடைவில் மங்கும் அல்லது பரவும். பிழை திருத்தும் வெள்ளைத் திரவத்தைப் பூசி அதன்மேல் எழுதினால், அது காய்ந்து செதிலாக உதிரும்போது எண்ணும் சேர்ந்து உதிரும். வௌவால், மூஞ்சூறு போன்றவற்றின் மிகச் சிறிய மண்டையோடுகளைத் தனித்தனிக் குப்பியிலோ பெட்டியிலோ வைத்துச் சீட்டையும் உள்ளேயே போடுவது பாதுகாப்பானது.

அடையாளம் மாறிப்போகும் ஆபத்து சுத்தம் செய்யும் கட்டத்தில் மிகுதி. சதையை நீக்க அருங்காட்சியகங்கள் டெர்மெஸ்டிட் வகை வண்டுகளை வளர்க்கின்றன. இவற்றின் புழுக்கள் உலர்ந்த தசையைத் தின்று எலும்பை மட்டும் விட்டுவைக்கும். வேறு சில இடங்களில் வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பல தலைகளை ஒரே தொட்டியில் போட்டால் பற்களும் தாடைகளும் கலந்துவிடும். அதனால் ஒவ்வொன்றும் தனிப் பெட்டியிலோ வலைப்பையிலோ, நீரையும் வண்டையும் தாங்கும் எண் சீட்டுடன் செல்ல வேண்டும்.

சீட்டில் எழுத வேண்டியவை

எலும்பின்மேல் எண்ணுக்குத்தான் இடம் உண்டு. மற்ற விவரங்கள் கன்ன எலும்பு வளைவில் நூலால் கட்டிய சீட்டில் இடம்பெறும். பருத்தி நாரில் செய்த, அமிலமற்ற கெட்டிக் காகிதம், கரி மை அல்லது பென்சில், பருத்தி நூல் ஆகியவை நெடுநாள் நிற்பவை. இரும்புக் கம்பி துருப்பிடித்து எலும்பில் கறையேற்றும். ரப்பர் பட்டை இளகி ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் மஞ்சளாகிப் பசையை மட்டும் விட்டுவிட்டுக் கழன்று விழும்.

சீட்டில் முதன்மையானது இடம். மாவட்டத்தின் பெயர் மட்டும் எழுதுவது பெரும்பாலும் போதாது, ஏனெனில் மாவட்டங்கள் மாறுகின்றன. 1920-களின் சீட்டில் 'சேலம் மாவட்டம்' என்று இருந்தால் அந்த விலங்கு ஏற்காட்டிலும் கிடைத்திருக்கலாம், ஓசூர்க் காடுகளிலும் கிடைத்திருக்கலாம். 1965-ல் தர்மபுரி தனி மாவட்டமானது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இன்று ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. எனவே ஊர், அதிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதுவதே முறை. இப்போது ஜி.பி.எஸ். கருவி தரும் அட்சரேகை, தீர்க்கரேகையும் சேர்கின்றன. அந்த எண்கள் எத்தனை மீட்டர் வரை தவறக்கூடும் என்பதையும் உடன் குறிக்க வேண்டும். பழைய சீட்டின் ஊர்ப்பெயரைக் கொண்டு பின்னாளில் வரைபடத்தில் குறித்த புள்ளிக்கும் நேரில் நின்று கருவியால் எடுத்த புள்ளிக்கும் ஒரே நம்பகம் இல்லை.

அடுத்தது தேதி. 5/7/1931 என்பதை இந்தியாவில் ஜூலை 5 என்றும் அமெரிக்காவில் மே 7 என்றும் படிப்பார்கள். இதைத் தவிர்க்கப் பழைய இயற்கையியலாளர்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினாலும் குழப்பம் தீரும். ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுத வேண்டும். '12' என்று மட்டும் விட்டால் எந்த நூற்றாண்டு என்ற கேள்வி எழும். விலங்கு இறந்த தேதி, எலும்பு கண்டெடுத்த தேதி, அருங்காட்சியகத்துக்கு வந்த தேதி என்ற மூன்றும் வேறு வேறு. காட்டில் கிடந்த எலும்பானால் முதலாவது தெரியாது. அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் 'தெரியவில்லை' என்று எழுதுவதே சரி.

சேகரித்தவர் பெயர், ஆண் பெண், இறந்த விதம் ஆகியவை அடுத்து வரும். சாலையில் அடிபட்டதா, நோயால் இறந்ததா, உயிரியல் பூங்காவில் வளர்ந்ததா என்பவை சிறு விவரங்களாகத் தோன்றினாலும் ஆய்வின் முடிவை மாற்றக்கூடியவை. வாஷிங்டன் பூங்காவில் வளர்ந்த சிங்கங்களின் மண்டையோடுகளைக் காட்டுச் சிங்கங்களுடையவற்றோடு ஒப்பிட்ட நெட் ஹாலிஸ்டர், இரண்டும் வடிவத்தில் தெளிவாக வேறுபடுவதை 1917-ல் எழுதினார். கூண்டில் வளரும் பெரும்பூனைகளின் மண்டையோடு அகன்று போகிறது. பூங்கா விலங்கு என்ற சொல் சீட்டில் விடுபட்டால், அந்த வேறுபாட்டைப் புதிய வகை விலங்கின் அடையாளமாகக் கொள்ள இடமுண்டு.

இனங்காணல்

சீட்டு இல்லாமல் வந்து சேரும் மண்டையோட்டில் இனங்காணலைப் பற்களிலிருந்து தொடங்கலாம். பாலூட்டிகளின் பற்சூத்திரம், மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஒரு பக்கத்தில் உள்ள வெட்டும் பற்கள், கோரைப்பற்கள், முன்கடைவாய்ப் பற்கள், பின்கடைவாய்ப் பற்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை வரிசையாகச் சொல்லும். நாயில் அது மேலே 3-1-4-2, கீழே 3-1-4-3. இரு பக்கமும் சேர்த்து 42 பற்கள். ஓநாய்க்கும் குள்ளநரிக்கும் இதே கணக்குதான். செந்நாய்க்குக் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பின்கடைவாய்ப் பல் குறைவு என்பதால் மொத்தம் 40. தேன்கரடிக்கும் 40-தான், ஆனால் காரணம் வேறு. மேல்தாடையின் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டும் பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியாகவே அது கரையானை உறிஞ்சுகிறது. கழுதைப்புலிக்கு 34, பூனைக்கும் புலிக்கும் 30, காட்டுப்பன்றிக்கு 44, எலிக்கு 16. மாட்டுக்கும் மானுக்கும் மேல்தாடையில் வெட்டும் பற்களே கிடையாது. எண்ணும்போது பல் விழுந்த குழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். வாழ்நாளிலேயே விழுந்த பல்லின் குழி எலும்பு வளர்ந்து மூடியிருக்கும். இறந்தபின் உதிர்ந்த பல்லின் குழி திறந்தே இருக்கும். இரண்டையும் பிரித்துக் குறிப்பது வழக்கம்.

பற்கணக்கு ஒன்றாக இருக்கும் இடத்தில் எலும்பின் வடிவம் உதவும். புலியையும் சிங்கத்தையும் பற்களால் எளிதில் பிரிக்க முடியாது. புலியில் மூக்கெலும்புகளின் பின்முனை, அதன் இருபுறமும் ஏறிவரும் மேல்தாடை எலும்பின் முனையைத் தாண்டிப் பின்னால் செல்லும். சிங்கத்தில் மேல்தாடை எலும்பு அதற்கு இணையாகவோ அதைக் கடந்தோ நிற்கும். சிங்கத்தின் கீழ்த்தாடையை மேசைமேல் வைத்தால் அடிப்புறம் குவிந்திருப்பதால் ஆடும். புலியுடையது பெரும்பாலும் ஆடாமல் அமரும். மானின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும் திட எலும்பு. வெளிமான், ஆடு, மாடு ஆகியவற்றின் கொம்பு எலும்புக் குருத்தின்மேல் உறைபோல் அமர்ந்தது, விழுவதில்லை.

பெயர் எழுதும்போது கவனிக்க வேண்டியது, அது ஒரு முடிவே தவிர நேரில் கண்ட செய்தி அல்ல என்பது. இடமும் தேதியும் மாறாதவை, பெயர் மாறும். நீலகிரி வரையாடு நீண்ட காலம் ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ் என்ற பெயரில் இமயமலைத் தாரோடு ஒரே பேரினத்தில் இருந்தது. டி.என்.ஏ. ஆய்வுக்குப் பின் 2005-ல் நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. பழைய சீட்டில் உள்ள பெயரை யாரும் அடிப்பதில்லை. புதிய பெயர், அதை முடிவு செய்தவர், ஆண்டு ஆகியவற்றைத் தாங்கிய இன்னொரு சீட்டு சேர்க்கப்படுகிறது. ஒரு மண்டையோட்டில் இப்படி மூன்று நான்கு சீட்டுகள் தொங்கினால் அதை ஆராய்ந்தவர்களின் வரலாறும் அதிலேயே கிடைக்கும். ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்ட அடிப்படையான மாதிரிக்குப் பல அருங்காட்சியகங்கள் சிவப்புச் சீட்டு கட்டி, தனியே பூட்டி வைக்கின்றன.

அளவும் படமும்

மண்டையோட்டின் அளவுகள் வெர்னியர் காலிப்பரால் மில்லிமீட்டரில் எடுக்கப்படுகின்றன. முன்முனையிலிருந்து பின்முனை வரையிலான மொத்த நீளம், இரு கன்ன வளைவுகளுக்கு இடைப்பட்ட உச்ச அகலம், மேல்பல் வரிசையின் நீளம், கீழ்த்தாடையின் நீளம் ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பாலான ஒப்பீடுகளுக்குப் போதும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று சொல்லாத அளவால் பயனில்லை. மொத்த நீளம் என்பதைச் சிலர் பற்களின் நுனியிலிருந்தும் சிலர் எலும்பின் நுனியிலிருந்தும் எடுப்பார்கள். வேட்டைக் கால அளவுகளில் அங்குலக் கணக்கும் கலந்திருக்கும். அவற்றை மாற்றி எழுதும்போது மூல எண்ணையும் விட்டுவைக்க வேண்டும்.

மேல், கீழ், பக்கம், முன், பின் என ஐந்து கோணங்களிலும், கீழ்த்தாடையைத் தனியாகவும் படமெடுப்பது வழக்கம். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் பட்டியல் எண்ணும் தெரிய வேண்டும். எண் மங்கினாலோ பல் தொலைந்தாலோ இந்தப் படங்கள்தான் மண்டையோட்டை மீண்டும் அடையாளம் காட்டும்.

பதிவேடு

பதிவேடு என்பது தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட கனத்த நோட்டு. தாளைக் கிழித்தாலும் இடையில் செருகினாலும் தெரிந்துவிடும் என்பதால் கணினி வந்த பின்னும் பல நிறுவனங்கள் அதைக் கைவிடவில்லை. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையொப்பமிடுவார்கள், சுரண்டி அழிப்பதில்லை. கணினிப் பட்டியலில் தேடுவது எளிது, நகலெடுப்பதும் எளிது. 2009-ல் ஏற்கப்பட்ட டார்வின் கோர் என்ற தர அமைப்பு, இடம், தேதி, சேகரித்தவர், பெயர் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் உலகப் பொதுவான தலைப்புகளை வரையறுத்திருக்கிறது. அதன்படி நிரப்பிய பட்டியலை வேறு நாட்டு அருங்காட்சியகத்தின் பட்டியலோடு உடனே சேர்த்துப் பார்க்கலாம்.

சீட்டில் இடமில்லாத செய்திகள் பதிவேட்டுக்குப் போகும். சுத்தம் செய்த முறை அவற்றுள் ஒன்று. கொதிக்க வைத்ததா, ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்ததா என்று தெரிந்தால்தான் டி.என்.ஏ. எடுக்க முனைபவர் எந்த மண்டையோட்டில் துளையிடலாம் என்று முடிவு செய்வார். தோலோடு பாடம் செய்த பழைய தலைகளில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் சோப்பு தடவியிருப்பார்கள். அது நச்சு, கையுறையின்றித் தொடக் கூடாது என்பதைப் பதிவேட்டிலும் அலமாரியிலும் எழுதி வைக்க வேண்டும். மாதிரி எடுத்த தேதி, எடுத்த இடம், இரவல் போய் வந்த விவரம், அலமாரி எண் ஆகியவையும் இங்கே இடம்பெறும்.

இந்தியாவில் சட்ட விவரத்துக்கும் ஒரு பத்தி தேவை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கின் கொம்பு, பல், எலும்பு ஆகியவையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. காட்டில் கிடக்கும் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு வருவது குற்றமாகலாம். பழைய வேட்டைத் தலைகளை வைத்திருப்பவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளர் வழங்கிய உரிமைச் சான்றைக் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் சான்றின் எண் பட்டியலில் இருப்பது அவசியம். ஆடு, மாடு, பன்றி, நாய் போன்ற வீட்டு விலங்குகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால், கல்லூரிகள் புதிதாகத் தொகுப்பைத் தொடங்க அவை ஏற்றவை.

இவ்வளவு விவரங்களின் பலன் பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவரும். 1908-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் தொடங்கப்பட்ட முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் ஜோசப் கிரின்னெல், தம் குழுவினர் ஒவ்வொரு நாளும் கண்டதை எல்லாம் குறித்த வடிவில் எழுத வேண்டும் என்று விதித்தார். தோலுக்கும் மண்டையோட்டுக்கும் ஒரே எண், அந்த எண்ணுக்கு நோட்டில் ஒரு பக்கம் என்ற அந்த ஒழுங்கு, 2000-களில் யோசெமிட்டி பகுதியை மறுபடி ஆய்ந்தவர்களுக்குக் கைகொடுத்தது. ஆராய்ந்த 28 சிறு பாலூட்டிச் சிற்றினங்களில் பாதியின் வாழிட எல்லை சராசரியாகச் சுமார் 500 மீட்டர் மேலே ஏறியிருப்பதை 2008-ல் அவர்கள் வெளியிட்டார்கள். பழைய சீட்டுகளில் இடம் துல்லியமாக இல்லாதிருந்தால் ஒப்பிட ஏதும் இருந்திருக்காது.

பழைய சீட்டும் பொய்ச் சீட்டும்

பங்களாக்களிலிருந்தும் அரண்மனைகளிலிருந்தும் வரும் வேட்டைத் தலைகள் பெரும்பாலும் மரக்கேடயத்தில் ஏறியவை. கேடயத்தில் சுட்டவர் பெயர், ஊர், தேதி பொறித்த தகடு இருக்கலாம். பின்புறம் பாடம் செய்த நிறுவனத்தின் சீட்டு ஒட்டியிருக்கலாம். தலையைக் கழற்றும் முன் இவை எல்லாவற்றையும் படமெடுத்து, எழுத்துப் பிழையோடு உள்ளபடியே படியெடுக்க வேண்டும். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பினால் அது ஊகம் என்று அடைப்புக்குறியில் காட்ட வேண்டும். சிதைந்த சீட்டுக்கும் உறையிட்டு எண்ணோடு பாதுகாப்பது முறை, ஏனெனில் கையெழுத்தும் காகிதமும்கூடச் சான்றுகள்.

சீட்டு பொய் சொன்ன நிகழ்ச்சியும் உண்டு. மண்டையோட்டில் அல்ல, பறவைத் தோலில் நடந்தது என்றாலும் பாடம் ஒன்றே. மத்திய இந்தியாவின் ஃபாரஸ்ட் ஔலெட் என்ற சிறு ஆந்தையை 1884-க்குப் பின் யாரும் பிடிக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் மாண்ட்வி பகுதியில் தாம் ஒன்றைச் சேகரித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் சீட்டு எழுதியிருந்தார். அது பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து திருடப்பட்ட பழைய மாதிரி என்பதையும் உண்மையில் சேகரித்தவர் ஜேம்ஸ் டேவிட்சன் என்பதையும் பமீலா ராஸ்முசென் கண்டறிந்தார். தோலை உரித்துப் பஞ்சு அடைத்த விதம் டேவிட்சனின் கைவேலையைக் காட்டியது. பொய் இடத்தை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய இடங்களைத் தேடிச் சென்ற ராஸ்முசென் குழு, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே அந்த ஆந்தையை உயிரோடு கண்டது. இதனால்தான் பட்டியலிடுபவர் சீட்டையும் மாதிரியையும் பதிவேட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிறார். சீட்டில் உள்ள விலங்கும் கையில் உள்ள எலும்பும் பொருந்தாதபோது, எதையும் திருத்தாமல் முரண்பாட்டை அப்படியே குறிப்பது முதற்கடமை.

காட்சிச் சீட்டு

பார்வையாளருக்காக வைக்கும் சீட்டு வேறு வகை. அதற்குப் பெரிய எழுத்து, சில வரிகள், கண் போக வேண்டிய இடம் எது என்ற சுட்டு ஆகியவை வேண்டும். புலியின் மண்டையோட்டருகே அறிவியல் பெயரை எழுதுவதோடு நிற்காமல், கத்தரிபோல் ஒன்றையொன்று உரசும் கடைவாய்ப் பற்களையும் முன்னோக்கிய கண்குழிகளையும் காட்டலாம். அருகில் மானின் மண்டையோடு இருந்தால் அதன் கண்குழிகள் பக்கவாட்டில் இருப்பதைப் பார்வையாளரே ஒப்பிட்டுக்கொள்வார். தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், கிடைத்த இடம் ஆகியவற்றோடு பட்டியல் எண்ணும் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். யாரேனும் கூடுதல் விவரம் கேட்டால் பதிவேட்டுக்குச் செல்ல அதுவே வழி.

கடைசி வேலை ஆண்டுக்கணக்கு. ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டின் ஒவ்வொரு எண்ணுக்கும் அலமாரியில் மண்டையோடு இருக்கிறதா என்றும், அலமாரியின் ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் பதிவேட்டில் வரி இருக்கிறதா என்றும் இரு திசையிலும் சரிபார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் தொலைந்தவை தெரியும், எண் இல்லாமல் புகுந்தவை தெரியாது. மறு திசையில் மட்டும் பார்த்தால் நேர்மாறாக ஆகும். மங்கிய எண், அறுந்த நூல், பூச்சி அரித்த சீட்டு ஆகியவை அப்போதே சரிசெய்யப்பட்டு, சரிபார்த்தவர் பெயரும் தேதியும் பதிவேட்டில் எழுதப்படுகின்றன.